கோவிட்-19 நோயில் இதயமும் இரத்தக் குழாய்களும்

கோவிட்-19 நோயை உண்டாக்கும் சார்ஸ்-கோவி-2 தீநுண்மி மூச்சுப்பாதை வழியாக உடலுக்குள் நுழைகிறது. ஆனால் அது விளைவிக்கும் கேட்டில் பெரும்பங்கு இரத்தக் குழாய்களில் நிகழ்வது. நெஞ்சை ஸ்கேன் எடுக்கச் சொன்ன மருத்துவர்கள், கூடவே டி-டைமர் என்ற இரத்தப் பரிசோதனையையும் எழுதிக் கொடுத்தது அதனால்தான். இரத்தம் உறைந்து கரைவதன் தடயத்தைக் காட்டும் சோதனை அது.

இரத்தக் குழாயின் உட்சுவரில் ஒற்றை அடுக்காகச் செல்கள் படிந்திருக்கின்றன. குழாயை விரியச் செய்யும் நைட்ரிக் ஆக்சைடைச் சுரப்பதும், இரத்தம் உள்ளுக்குள்ளேயே உறையாமல் காப்பதும் இந்த உட்படலத்தின் வேலை. அது அழற்சிக்கு உள்ளானால் வேலை தலைகீழாகிறது: தட்டணுக்கள் ஒட்டிக்கொள்ள இடம் கிடைக்கிறது, உறைகட்டிகள் தோன்றுகின்றன. உட்படலச் செல்களுக்குள்ளேயே தீநுண்மியைக் கண்டதாக 2020 ஏப்ரலில் சூரிக் மருத்துவர்கள் அறிவித்தனர். அவர்கள் கண்டது தீநுண்மிதானா என்று பின்னர் கேள்வி எழுந்தது. தீநுண்மி நேரே தாக்குவதைவிட, அதை எதிர்க்கக் கிளம்பும் உடலின் அழற்சியே முதன்மைக் காரணம் என்ற கருத்து இன்று வலுவாக இருக்கிறது. எவ்வாறாயினும் விளைவில் ஐயமில்லை. கோவிட்டால் இறந்த எழுவரின் நுரையீரலை இன்ஃபுளுவென்சாவால் இறந்த எழுவரின் நுரையீரலோடு ஒப்பிட்டபோது, காற்றறைகளைச் சூழ்ந்த நுண்குழாய்களில் கோவிட் நோயாளிகளுக்கு ஒன்பது மடங்கு கூடுதலாக நுண்ணுறைகட்டிகள் இருந்தன.

இதயத்தசை சிதைந்தால் ட்ரோபோனின் என்ற புரதம் இரத்தத்தில் கசியும். வுகான் நகர மருத்துவமனை ஒன்றில் 2020 தொடக்கத்தில் சேர்க்கப்பட்ட 416 பேரில் 82 பேருக்கு இவ்வாறு இதயப் பாதிப்பு தென்பட்டது. அவர்களில் பாதிப் பேர் இறந்தனர். பாதிப்பு இல்லாதோரில் இறந்தவர்கள் 4.5 விழுக்காடுதான். ட்ரோபோனின் ஏறுவதற்கு ஒரே காரணம் இல்லை. ஆக்சிஜன் குறைந்த நிலையில் இதயம் வேகமாக உழைத்துத் தளர்வது, கொழுப்புப் படிவு வெடித்து மாரடைப்பு வருவது, நுரையீரல் தமனியில் உறைகட்டி அடைத்து வலது இதயம் திணறுவது என எதுவாகவும் இருக்கலாம். பலரும் முதலில் அஞ்சிய இதயத்தசை அழற்சி உண்மையில் அரிதானது.

ஏசிஇ-2 என்ற ஏற்பியைப் பற்றியே தீநுண்மி செல்லுக்குள் நுழைவதால், அந்த ஏற்பியைப் பெருக்கக்கூடும் என்று அஞ்சப்பட்ட சிலவகை இரத்த அழுத்த மாத்திரைகளை நிறுத்த வேண்டும் என்றொரு பேச்சும் பரவியது. பிரேசிலில் 659 நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்ததில் நிறுத்தியதால் எந்தப் பலனும் இல்லை. இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் மருந்தின் கதை இன்னும் சுவையானது. முழு அளவு ஹெப்பாரின், நோய் மிதமாக இருந்தவர்களுக்கு உதவியது. தீவிர சிகிச்சைப் பிரிவை எட்டியவர்களுக்கு உதவவில்லை.

குழந்தைகளில் சிலருக்குத் தொற்று தணிந்து சில வாரங்கள் கழித்துக் காய்ச்சலும் தடிப்பும் இதயத் தளர்ச்சியும் வந்தன. இதயத் தமனி புடைத்ததும் உண்டு. இது, குழந்தைகளின் இரத்தக் குழாய்களில் அழற்சியை உண்டாக்கும் கவாசாகி நோயை ஒத்திருந்தது. அந்நோயை 1967இல் விவரித்த ஜப்பானிய மருத்துவர் தொமிசாக்கு கவாசாகி, இந்த ஒப்புமை உலகெங்கும் பேசப்பட்ட 2020 ஜூனில்தான் காலமானார்.

தொற்று நீங்கிய பின்னும் ஆபத்து முழுதாக விலகுவதில்லை. தொற்றுக்கு உள்ளான 1,53,760 அமெரிக்க முன்னாள் படைவீரர்களை ஓராண்டு கவனித்ததில் இதயச் செயலிழப்பு 72 விழுக்காடும் பக்கவாதம் 52 விழுக்காடும் மற்றவர்களைவிட மிகுந்திருந்தன. அவர்களில் பெரும்பாலோர் வயதில் மூத்த வெள்ளையின ஆண்கள் என்பதால் இந்த எண்களை அப்படியே எல்லோருக்கும் பொருத்த முடியாது.

தடுப்பூசி பற்றிய அச்சமும் இங்கே சேர்கிறது. எம்ஆர்என்ஏ தடுப்பூசிகளுக்குப் பின் இளைஞர் சிலருக்கு இதயத்தசை அழற்சி வந்தது உண்மை. ஆயினும் அது அரிது, பெரும்பாலும் மிதமானது. இந்தியாவில் பெரும்பாலோர் போட்டுக்கொண்டவை கோவிஷீல்டும் கோவாக்சினும். இரண்டும் அந்த வகையைச் சேர்ந்தவை அல்ல. திடீர் மரணங்களுக்குத் தடுப்பூசி காரணமா என்று அறிய, காரணம் தெரியாமல் திடீரென இறந்த 18 முதல் 45 வயதுடைய 729 பேரை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆய்ந்தது. இரண்டு தவணை போட்டவர்களுக்கு அத்தகைய மரண வாய்ப்பு குறைவாகவே இருந்தது. கோவிட்டால் மருத்துவமனையில் படுத்தவர்கள், குடும்பத்தில் திடீர் மரணம் கண்டவர்கள், இறப்புக்கு முந்தைய இரண்டு நாட்களில் அளவுமீறிக் குடித்தவர்கள் அல்லது கடுமையாக உடலை வருத்தியவர்கள் ஆகியோரிடமே அந்த வாய்ப்பு கூடியிருந்தது.