கேஸ் ஷீட்டிலிருந்து சர்வர் வரை: மருத்துவப் பதிவேடுகளும் அவற்றின் காவலும்

ஒரு நோயாளியைப் பற்றிய குறிப்புகள் அனைத்தும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்பது மருத்துவத்தில் மிகப் பழைய எண்ணம் இல்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் மருத்துவர் ஒவ்வொருவரும் தமக்கெனத் தனிப் பேரேடு வைத்திருந்தனர். மூன்று மருத்துவர்களைப் பார்த்த நோயாளியின் கதை மூன்று பேரேடுகளில், வெவ்வேறு பக்கங்களில் சிதறிக் கிடக்கும். ஹென்றி பிளம்மர் என்ற மருத்துவர் 1907இல் இதை மாற்றினார். நோயாளி ஒவ்வொருவருக்கும் ஓர் எண். அந்த எண்ணுக்கு ஒரு கோப்பு. யார் பார்த்தாலும், எந்தப் பரிசோதனை நடந்தாலும், குறிப்பு அந்தக் கோப்புக்குள்தான் போய்ச் சேரவேண்டும். இன்று நாம் அறிந்த மருத்துவப் பதிவேட்டின் அடிப்படை வடிவம் இதுதான்.

இந்தச் சேர்க்கையின் வரலாற்றைப் பின்தொடர்வதே இக்கட்டுரையின் நோக்கம். குறிப்புகள் ஒன்றுசேரச் சேரச் சிகிச்சை மேம்பட்டது. களவுக்கும் கசிவுக்கும் வழி திறந்ததும் அதே ஒன்றுசேர்தல்தான். காவல் ஏற்பாடுகளோ பெரும்பாலும் சேதம் நேர்ந்த பிறகே வந்தன. இந்தியாவில் இணைப்புக்கும் காவலுக்கும் இடையே விழுந்த இடைவெளி இன்னும் மூடப்படவில்லை என்பது என் வாதம்.

காகிதம் தந்த காவல்

காகிதக் கோப்புகளின் குறைகளைப் பற்றி நிறையவே எழுதப்பட்டிருக்கிறது. கரையான், மழைநீர், படிக்க முடியாத கையெழுத்து, தேடினால் கிடைக்காத கேஸ் ஷீட் என்று பட்டியல் நீளும். ஆனால் காகிதத்துக்கு இயல்பாகவே சில எல்லைகள் இருந்தன. ஒரு கோப்பு ஒரு நேரத்தில் ஓரிடத்தில்தான் இருக்க முடியும். பத்தாயிரம் கோப்புகளைத் திருட லாரி வேண்டும். வெளியூரில் இருப்பவர் அதைத் தொடக்கூட முடியாது.

மருத்துவப் பதிவேட்டுத் துறை, அதாவது மருத்துவமனை ஊழியர்கள் ‘எம்.ஆர்.டி.’ என்று சொல்லும் அறை, இந்த எல்லைகளை ஒரு நிர்வாக முறையாகவே வளர்த்தெடுத்தது. பல பெரிய மருத்துவமனைகளில் கோப்புகள் நோயாளி எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களைக் கொண்டு அடுக்கப்பட்டன. புதிய கோப்புகள் எல்லா அலமாரிகளுக்கும் சமமாகப் பரவட்டும் என்பதே இதன் காரணம். ஆனால் வேறொரு பயனும் இதில் இருந்தது. பெயர் தெரிந்தால் மட்டும் போதாது. எண் தெரியவேண்டும், அடுக்கு முறையும் தெரியவேண்டும். கோப்பு வெளியே போனால் அது இருந்த இடத்தில் ஓர் அட்டை செருகப்படும். யார் கேட்டார்கள், எந்த வார்டுக்குப் போனது, எப்போது போனது என்ற விவரம் அந்த அட்டையில் இருக்கும். போலீஸ், நீதிமன்றத் தொடர்புடைய வழக்குக் கோப்புகள் தனிப் பூட்டுக்குள் இருக்கும். மின்னணுப் பாதுகாப்பு இன்று முன்வைக்கும் கேள்விகளான ‘யார், எங்கே, எப்போது’ என்ற மூன்றையும் அந்த அட்டை ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருந்தது. இதை நான் சற்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கணினிமயமாக்கலைப் பற்றிய நம் பேச்சில் எம்.ஆர்.டி. ஊழியர்களின் அனுபவ அறிவுக்கு இடமே இல்லாமல் போயிற்று.

இந்தியாவுக்கு இதில் தனித்தன்மை ஒன்றும் உண்டு. உள்நோயாளிக்குத்தான் கோப்பு. வெளிநோயாளி தன் ஓ.பி. சீட்டையும் ஸ்கேன் படத்தையும் ரத்தப் பரிசோதனைத் தாளையும் ஒரு பையில் போட்டுத் தானே சுமந்துவருவார். நம் நாட்டில் கோடிக்கணக்கானவர்களின் மருத்துவ வரலாற்றை அவர்களது வீட்டு அலமாரிதான் காப்பாற்றி வந்திருக்கிறது. தொலைந்தால் போயிற்று, ஆனால் அந்நியர் கண்ணில் படாது.

சுவருக்குள் இருந்த கணினி

1960களில் பாஸ்டனின் மாசச்சூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ஆக்டோ பார்னெட்டின் குழு மருத்துவப் பதிவுகளைக் கணினிக்குக் கொண்டுசெல்ல முயன்றது. அங்கே பிறந்த ‘மம்ப்ஸ்’ என்ற கணினி மொழியின் வழித்தோன்றல்கள் இன்றும் பல பெரிய மருத்துவமனை மென்பொருள்களுக்கு அடியில் ஓடுகின்றன. 1968இல் லாரன்ஸ் வீட் என்ற மருத்துவர், நோயாளியின் பிரச்சினைகளை வரிசைப்படுத்தி அவற்றை ஒட்டியே குறிப்பு எழுதும் முறையை முன்வைத்தார். பதிவேட்டைக் கணினி புரிந்துகொள்ளும் கட்டமைப்புக்குள் கொண்டுவருவதற்கு அது பெரிய துணையாயிற்று. அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் 1970களின் இறுதியில் சில மருத்துவர்களும் நிரலாளர்களும் மேலிடத்தின் எதிர்ப்பையும் மீறி உருவாக்கிய அமைப்பு, பின்னாளில் ‘விஸ்டா’ என்ற பெயரில் நாடு முழுவதும் பரவியது.

இந்த முன்னோடிகள் பாதுகாப்பைப் பற்றி அதிகம் கவலைப்படவில்லை. அதற்காக அவர்களைக் குறை சொல்ல முடியாது. கணினியின் முனையங்கள் மருத்துவமனைச் சுவருக்குள்ளேயே இருந்தன. வார்டுக்குள் வர முடிந்தவர் திரையையும் பார்க்கலாம் என்பதே வழக்கம். சிக்கல், அந்தச் சுவர் மறைந்த பிறகும் அந்த வழக்கம் நீடித்ததில்தான் இருக்கிறது.

இதற்குத் தெளிவான சான்று ஸ்கேன் படங்கள். சி.டி., எம்.ஆர்.ஐ., எக்ஸ்ரே படங்களை ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்ப 1985இல் ஒரு பொதுத் தரம் வெளியானது. 1993இல் அது ‘டைகாம்’ என்ற பெயர் பெற்றது. எந்த நிறுவனத்தின் ஸ்கேனர் எடுத்த படத்தையும் எந்த நிறுவனத்தின் திரையிலும் பார்க்கலாம் என்பது மருத்துவத்துக்குக் கிடைத்த பெரும் நன்மை. ஆனால் படம் கேட்கும் கணினியை நம்பலாம் என்ற அனுமானத்தின் மேல்தான் அந்தத் தரம் எழுதப்பட்டது. கேட்கும் கணினி தன் பெயரைச் சொன்னால் போதும். கடவுச்சொல்லோ மறையாக்கமோ கட்டாயமில்லை. ஒரே கட்டடத்துக்குள், எக்ஸ்ரே அறைக்கும் மருத்துவர் அறைக்கும் இடையே கம்பி ஓடிய காலத்தில் இது நியாயமான ஏற்பாடுதான். பிறகு, வீட்டிலிருந்தே படம் பார்க்க மருத்துவர் விரும்பினார். வெளியூர் நிபுணரின் கருத்தும் தேவைப்பட்டது. படச் சர்வர் இணையத்தோடு இணைக்கப்பட்டது. இணைத்தவர் பலர், பூட்டியவர் சிலரே.

ஜெர்மனியின் கிரீன்போன் நிறுவனம் 2019இல் வெளியிட்ட ஆய்வு, 52 நாடுகளில் இப்படித் திறந்து கிடந்த 590 சர்வர்களைக் கண்டறிந்தது. அவற்றில் சுமார் 2.4 கோடி நோயாளிப் பதிவுகளும் 73 கோடிக்கும் மேற்பட்ட படங்களும் இருந்தன. எந்தப் பூட்டையும் உடைக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. பெயர், பிறந்த தேதி, பரிசோதனைக்கான காரணம் எல்லாம் படத்தோடு ஒட்டியே வந்தன. இந்தியச் சர்வர்களும் அந்தப் பட்டியலில் இருந்தன.

அடிபட்ட பிறகு வந்த விதிகள்

அமெரிக்கா 1996இல் ‘ஹிப்பா’ சட்டத்தை இயற்றியது. மின்னணுப் பதிவுகளுக்கான பாதுகாப்பு விதிகள் 2003இல் இறுதி செய்யப்பட்டன. பெரும்பாலான நிறுவனங்களுக்கு அவை 2005இல்தான் கட்டாயமாயின. நிர்வாகம், கட்டடம், தொழில்நுட்பம் என மூன்று தளங்களிலும் காவல் வேண்டும் என்பது அவற்றின் சாரம். ஆனால் என் பார்வையில் உண்மையான திருப்பம் 2009இல் வந்தது. 500 பேருக்கோ அதற்கு மேற்பட்டவர்களுக்கோ பாதிப்பு ஏற்படுத்தும் கசிவு நேர்ந்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கும் அரசுக்கும் சொல்லியாக வேண்டும். அரசு அந்த விவரத்தைப் பொதுவில் வெளியிடும். மூடி மறைப்பது கடினமான பிறகுதான் மருத்துவமனை இயக்குநர்களின் கூட்டங்களில் பாதுகாப்பு ஒரு செலவினமாக இடம்பெற்றது.

பணக்கார நாடுகளும் தப்பவில்லை. 2017 மே மாதம் ‘வான்னாக்ரை’ என்ற பிணைப்பணத் தீநிரல் பிரிட்டனின் பொது மருத்துவச் சேவையைத் தாக்கியது. 236 மருத்துவ அமைப்புகளில் குறைந்தது 80 பாதிக்கப்பட்டன. அது நுழைந்த மென்பொருள் ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே வெளியிட்டிருந்தது.

அடுத்த ஆண்டு சிங்கப்பூரின் சிங்ஹெல்த் குழுமத்திலிருந்து 15 லட்சம் நோயாளிகளின் விவரங்கள் களவாடப்பட்டன. அவர்களில் 1.6 லட்சம் பேர் வாங்கிய மருந்துகளின் விவரமும் போயிற்று. அன்றைய பிரதமர் லீ சியன் லூங்கும் அவர்களில் ஒருவர். இந்தச் சம்பவத்தை ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டும். காரணம் களவின் அளவு மட்டுமில்லை. அதற்குப் பிறகு நடந்ததும்தான். அரசு விசாரணைக் குழு அமைத்து, அதன் அறிக்கையை 2019 ஜனவரியில் பொதுவில் வைத்தது. ஏதோ தவறாக நடக்கிறது என்பதைக் கீழ்நிலை ஊழியர்கள் கவனித்திருந்தார்கள், அதை மேலே கொண்டுசெல்ல வேண்டியவர்கள் தாமதித்தார்கள் என்று அந்த அறிக்கை வெளிப்படையாகச் சொன்னது. எளிதில் ஊகிக்கக்கூடிய கடவுச்சொல், திருத்தம் செய்யப்படாத கணினி என எல்லாம் பெயர் சொல்லிப் பதிவாயின. குழுமத்துக்கும் அதன் தகவல் தொழில்நுட்ப நிறுவனத்துக்கும் சேர்த்து 10 லட்சம் சிங்கப்பூர் டாலர் அபராதம் விதிக்கப்பட்டது.

இந்தியாவின் பாதை

இந்திய மருத்துவக் கவுன்சில் 2002இல் வெளியிட்ட நடத்தை விதிகள் உள்நோயாளிப் பதிவேட்டை மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்றன. நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்றன. விரைவாக எடுப்பதற்காகப் பதிவேடுகளைக் கணினிமயமாக்க முயல வேண்டும் என்றும் அவை சொல்லின. கணினிக்குப் போன பின் எப்படிக் காப்பது என்பதை விரித்துப் பேசவில்லை.

அதற்கு முன்பே ஒரு வழக்கு எச்சரித்திருந்தது. சென்னை மருத்துவமனை ஒன்றில் ரத்தம் கொடுக்க முன்வந்தவருக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்து, அந்தச் செய்தி வெளியே போய், அவரது திருமணம் நின்றது. உச்ச நீதிமன்றம் 1998இல் மணப்பெண்ணின் உடல்நல உரிமையை முன்னிறுத்தி, ரத்தம் கொடுக்க வந்தவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. தீர்ப்பைப் பற்றிய விவாதம் ஒருபுறமிருக்க, ஒரு பரிசோதனைத் தாளில் உள்ள ஒற்றைச் சொல் ஒருவர் வாழ்வை என்ன செய்யும் என்பதை அந்த வழக்கு நாட்டுக்கே காட்டியது. எச்.ஐ.வி. தகவல்களைக் காக்கும் தனிச்சட்டம் வர 2017 ஆயிற்று. அதே ஆண்டு புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று அறிவித்தது.

மின்னணுப் பதிவேடுகளுக்கான தரங்களை மத்தியச் சுகாதார அமைச்சகம் 2013இல் வெளியிட்டு 2016இல் திருத்தியது. பதிவேடு மருத்துவமனையிடம் இருந்தாலும் அதிலுள்ள தகவல் நோயாளிக்குச் சொந்தம், மருத்துவமனை அதன் அறங்காவலர் மட்டுமே என்று அவை தெளிவாக வகுத்தன. நல்ல ஆவணம், ஆனால் மீறினால் தண்டனை என்ற பிடி அதற்கு இல்லை. அந்தப் பிடியைத் தந்திருக்கக்கூடிய மருத்துவத் தகவல் பாதுகாப்புச் சட்ட வரைவு 2018இல் வெளியாகி, சட்டமாகாமலே நின்றுபோனது.

2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் முடங்கின. ஐந்து சர்வர்கள் தாக்கப்பட்டன, சுமார் 1.3 டெராபைட் தகவல் பூட்டப்பட்டது என்று அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. வலையமைப்பு முறையாகப் பகுதி பகுதியாகப் பிரிக்கப்படாததே காரணம் என்றும் சொன்னது. நோயாளிப் பதிவு, அனுமதி, டிஸ்சார்ஜ், பரிசோதனை முடிவு எல்லாம் சுமார் இரண்டு வாரங்கள் கையெழுத்துக்குத் திரும்பின. தாக்குதலுக்குத் தப்பிய ஒரு பேக்கப் சர்வரிலிருந்துதான் தகவல் மீட்கப்பட்டது. பாதுகாப்பு என்றாலே ரகசியம் என்று நினைக்கும் நமக்கு எய்ம்ஸ் சொன்ன செய்தி வேறு. பதிவேடு கிடைக்காமல் போவதும் பாதுகாப்புக் குறைவுதான். வார்டில் இருப்பவரின் ரத்தப் பரிசோதனை முடிவு மருத்துவர் கைக்கு வராவிட்டால், அது உயிர் சம்பந்தப்பட்ட தாமதம். சிங்கப்பூரில் வெளியானதைப் போன்ற முழுமையான விசாரணை அறிக்கை எய்ம்ஸ் விஷயத்தில் மக்கள் முன் வைக்கப்படவில்லை. மற்ற மருத்துவமனைகள் பாடம் கற்கக் கிடைத்த வாய்ப்பை அது குறைத்துவிட்டது.

இதற்கிடையே இணைப்புப் பணி வேகமாக நடந்தது. 2020 ஆகஸ்டில் புதுச்சேரி உள்ளிட்ட ஆறு ஒன்றியப் பிரதேசங்களில் தொடங்கிய தேசிய மின்னணு மருத்துவத் திட்டம், 2021 செப்டம்பரில் ‘ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன்’ என்ற பெயரில் நாடெங்கும் விரிந்தது. அதன் 14 இலக்க ‘ஆபா’ எண், பிளம்மர் 1907இல் கொடுத்த எண்ணின் வாரிசுதான். ஒரு மருத்துவமனைக்குப் பதில் ஒரு நாடு. வடிவமைப்பில் ஒரு விவேகம் தெரிகிறது: பதிவுகளை ஒரே கிடங்கில் குவிக்காமல், உருவான இடத்திலேயே விட்டுவைத்து, நோயாளியின் ஒப்புதலோடு மட்டும் பகிர்கிறார்கள். ஆனால் உருவான இடம் என்பது எய்ம்ஸாகவும் இருக்கலாம். ஒற்றைக் கணினியில் எல்லா ஊழியரும் ஒரே கடவுச்சொல்லைப் பகிர்ந்துகொள்ளும் சிறு நர்சிங் ஹோமாகவும் இருக்கலாம். சங்கிலியின் அந்த முனைக்குப் பணமும் பயிற்சியும் போய்ச் சேரவில்லை என்றால் ஒப்புதல் படிவத்தால் மட்டும் பயன் இல்லை.

2023ஆம் ஆண்டின் தனிநபர் மின்னணுத் தகவல் பாதுகாப்புச் சட்டம், போதிய காவல் இல்லாத நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது. கசிவு நேர்ந்தால் பாதிக்கப்பட்டவருக்கும் சொல்ல வேண்டும் என்கிறது. முந்தைய 2011 விதிகள் மருத்துவ விவரத்தைத் தனிக் கவனம் தேவைப்படும் தகவல் என்று பிரித்துவைத்திருந்தன. புதிய சட்டம் அந்தப் பிரிவினையைக் கைவிட்டது. மனநலக் குறிப்பும் மளிகைக்கடை ரசீதும் சட்டத்தின் முன் ஒரே வகை ஆனது பெரும் பிழை என்பதே என் முடிவு. 2025 நவம்பரில் வெளியான விதிகள் மறையாக்கம், அணுக்கக் கட்டுப்பாடு, பேக்கப் ஆகியவற்றைக் கேட்கின்றன. யார் எப்போது திறந்தார்கள் என்ற பதிவை ஓராண்டு வைத்திருக்கவும் சொல்கின்றன. முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் தரப்பட்டிருக்கிறது.

எஸ்டோனியா 2008இல் தன் தேசிய மருத்துவப் பதிவேட்டைத் தொடங்கியபோது, தன் பதிவை யார் பார்த்தார்கள் என்பதைக் குடிமக்கள் தாமே பார்க்கும் வசதியையும் சேர்த்துத் தந்தது. எம்.ஆர்.டி. அலமாரியில் செருகிய அட்டையின் வேலையை அங்கே நோயாளியிடமே ஒப்படைத்திருக்கிறார்கள். யார் திறந்தார்கள் என்ற பதிவை நம் மருத்துவமனைகளும் எழுதத்தான் போகின்றன. அதை ஆய்வாளர்களுக்கும் அதிகாரிகளுக்கும் மட்டும் வைத்துக்கொள்ளாமல் நோயாளிக்கும் திறந்துகாட்ட வேண்டும் என்று விதிகளில் ஒரு வரி சேர்க்க இந்த 18 மாதங்களே தக்க காலம். நோயாளிகளும் மருத்துவமனை முகப்பில் இதைக் கேட்கத் தொடங்க வேண்டும்: என் கோப்பைத் திறந்தவர்களின் பட்டியலை எனக்குக் காட்டுங்கள்.