முகம் சிவக்காத நோயாளிகளும் ஒரு எண்ணெய் வியாபாரமும்

நியாசின் (அட, நம்ம வைட்டமின் பி-3தான்) கொஞ்சம் அதிக அளவில் சாப்பிட்டால் சிறிது நேரத்தில் முகமும் கழுத்தும் சிவந்து திகுதிகுவென்று எரியும். பயப்பட ஒன்றுமில்லை, தானே அடங்கிவிடும். ஆனால் ஸ்கிஸோஃப்ரினியா என்ற மனச்சிதைவு நோய் உள்ளவர்களில் பலருக்கு இந்தச் சிவப்பு சரியாக வருவதில்லை. வந்தாலும் லேசாக, தாமதமாக வரும்.

மனநோய்க்கும் முகம் சிவப்பதற்கும் என்ன சம்பந்தம்? இந்தக் கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டவர் டேவிட் ஹோரோபின். ஆக்ஸ்ஃபோர்டில் மருத்துவம் படித்த பிரிட்டிஷ்காரர். இந்த நோயாளிகளுக்கு முடக்குவாதம் அரிதாக வருகிறது, வலி அவ்வளவாகத் தெரிவதில்லை, கடும் காய்ச்சலின்போது சிலருக்குப் புத்தி தெளிகிறது என்றெல்லாம் மருத்துவர்கள் குறித்து வைத்திருந்தார்கள். வீக்கம், வலி, காய்ச்சல், சிவப்பு நான்கிலும் பங்குள்ள பொருள் ப்ராஸ்டாகிளாண்டின். அது குறைவதுதான் மனச்சிதைவு என்று 1977-ல் லான்செட் இதழில் எழுதினார்.

அப்போது எல்லோரும் டோபமைன் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதிலும் நியாயம் இருந்தது. 1952-ல் புழக்கத்துக்கு வந்த குளோர்ப்ரோமசின் டோபமைன் ஏற்பிகளை அடைத்துத்தான் வேலை செய்கிறது. ஆனால் அந்த ஏற்பி எதில் பதிந்திருக்கிறது? செல் சவ்வில். சவ்வு என்பது இரண்டு அடுக்குக் கொழுப்பு. கெட்டியான சுவர் மாதிரி இல்லாமல், புரதங்கள் மிதக்கும் திரவம் மாதிரியானது என்று சிங்கரும் நிக்கல்சனும் 1972-ல் சொல்லியிருந்தார்கள். ப்ராஸ்டாகிளாண்டினுக்கு மூலப்பொருளான அராகிடோனிக் அமிலமும் அந்தச் சவ்வின் பாஸ்போலிப்பிட்டுகளில்தான் இருக்கிறது. சுவரே ஓதம் காத்திருந்தால் கதவு எப்படிச் சரியாகச் சாத்தும்? ஹோரோபினின் வாதம் மெல்ல இந்தப் பக்கம் நகர்ந்தது. 1994-ல் இரண்டு சகாக்களோடு சேர்ந்து அதை 'சவ்வுக் கருதுகோள்' என்று முழுதாக எழுதினார்.

வெறும் கற்பனை என்று தள்ளவும் முடியாது. சவ்விலிருந்து கொழுப்பு அமிலத்தை வெட்டியெடுக்கும் பாஸ்போலிபேஸ் ஏ2 என்ற நொதி நோயாளிகளின் இரத்தத்தில் அதிகம் என்று 1987-ல் கட்டாஸ் குழு சொன்னது. 1991-ல் பிட்ஸ்பர்க்கில் பெட்டக்ரூ குழு, ஒரு மருந்தும் சாப்பிட ஆரம்பிக்காத புது நோயாளிகளின் முன்மூளையைக் காந்த அலை முறையில் ஆராய்ந்தது. சவ்வைக் கட்டப் பயன்படும் பொருட்கள் குறைவாகவும், சவ்வு சிதையும்போது வரும் பொருட்கள் அதிகமாகவும் இருந்தன. (சிகரெட்டும் சாப்பாடும்கூட இரத்தத்திலுள்ள கொழுப்பு அமிலங்களை மாற்றும். இந்த நோயாளிகளில் புகைப்பவர்கள் மிக அதிகம் என்பதால் இரத்தப் பரிசோதனைகளை அப்படியே நம்ப முடியாது.)

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. ஹோரோபின் ஆராய்ச்சியாளர் மட்டுமில்லை, வியாபாரியும்கூட. ஈவினிங் ப்ரிம்ரோஸ் எண்ணெய் விற்ற எஃபமால், ஸ்கோஷியா கம்பெனிகளின் பின்னால் இருந்தவர் அவர். 90களின் கடைசியில் ஸ்கோஷியாவை விட்டு வெளியேறி, மீன் எண்ணெயிலுள்ள இ.பி.ஏ. அமிலத்தைச் சுத்தமாக்கி மூளை நோய்களுக்கு மருந்தாக்க லாக்ஸ்டேல் என்ற கம்பெனியை நடத்தினார். கருதுகோளும் அவருடையது, மருந்தும் அவருடையது, 2002-ல் வந்த பரிசோதனைக் கட்டுரையில் ஒரு பெயரும் அவருடையது! கணக்கு எழுதுபவரே தணிக்கையும் செய்தால் யார் நம்புவார்கள்? 115 பேரிடம் நடந்த அந்தப் பரிசோதனையில், க்ளோசபின் சாப்பிட்டவர்களுக்குத் தினம் 2 கிராம் இ.பி.ஏ. பலன் தந்தது என்றார்கள். அதற்கு முந்தைய வருடம் அமெரிக்காவில் ஃபென்டன் குழு 87 பேருக்குத் தினம் 3 கிராம் வீதம் 16 வாரம் கொடுத்துப் பார்த்தது. ஒரு பலனும் இல்லை.

ஹோரோபின் 2003 ஏப்ரலில் புற்றுநோயால் இறந்தார். பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வெளியிட்ட இரங்கல் குறிப்பு அவரைப் போலி மருந்து விற்றவர் என்கிற அளவுக்குத் தாக்க, கண்டனக் கடிதங்கள் குவிந்தன. அந்தக் குறிப்பு கொடூரம்தான். ஆனால் அதிலிருந்த சந்தேகத்தைக் கடிதங்களால் போக்க முடியவில்லை.

அவர் போன பிறகு நம்பிக்கை ஒருமுறை தலைதூக்கியது. 2010-ல் வியன்னாவில் அமிங்கர் குழு, நோய் வரும் அபாயத்திலிருந்த 81 இளைஞர்களிடம் 12 வாரம் ஒமேகா-3 சோதித்தது. ஒரு வருடத்தில் அதைச் சாப்பிட்ட 41 பேரில் 2 பேருக்கு மனநோய் தொடங்கியது. வெற்று மாத்திரை சாப்பிட்ட 40 பேரில் 11 பேருக்கு. பத்து மையங்கள், 304 பேர் என்று பெரிதாகத் திரும்பச் செய்தபோது (முடிவு 2017-ல் வந்தது) இரு தரப்புக்கும் வித்தியாசமே இல்லை. முகம் சிவக்காதது உண்மை, சவ்வில் மாற்றம் தெரிவதும் உண்மை. ஆனால் அது நோய்க்குக் காரணமா, விளைவா என்பது இன்னும் தீரவில்லை. எண்ணெய் மாத்திரையை நம்பி டாக்டர் கொடுத்த மருந்தை நிறுத்துகிற குடும்பங்களுக்கு இந்த வித்தியாசம் சின்ன விஷயமில்லை.

லாக்ஸ்டேல் கம்பெனியை 2004-ல் அமரின் வாங்கியது. அதே சுத்தமான இ.பி.ஏ.வுக்கு 2012-ல் அமெரிக்காவில் அனுமதியும் கிடைத்தது, இரத்தத்தில் ட்ரைகிளிசரைடைக் குறைப்பதற்கு! 2018-ல் எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த பரிசோதனையில் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை கால் பங்கு குறைந்தன என்று அறிவித்தார்கள். அதிலும் ஒப்பிடக் கொடுத்த வெற்று மாத்திரையில் இருந்த மினரல் எண்ணெய்தான் கணக்கைக் கெடுத்தது என்று ஒரு சண்டை நடந்தது. மூளைக்கென்று புறப்பட்ட மருந்து, வாஸெபா என்ற பெயரில் இதய நோயாளிகளிடம் போய்ச் சேர்ந்தது.