மொரப்பூரைச் சுற்றி ஒரு சைக்கிள் வட்டம்: சாலைகள் வந்த கதை

மொரப்பூர் ஊராக அறியப்பட்டது ரயிலால். மெட்ராஸ் ரயில்வே ஜோலார்பேட்டையிலிருந்து சேலத்தை நோக்கிப் போட்ட அகலப் பாதை 1861இல் இவ்வழியே திறக்கப்பட்டது. தருமபுரி மேட்டுநிலத்தில் இருக்கிறது. அங்கே ஏறி இறங்குவதை விட்டு, ஜவ்வாது மலைக்கும் சித்தேரி மலைக்கும் மேற்கே உள்ள தாழ்ந்த வெளியில் பாதையைக் கொண்டுபோனார்கள். தாலுகாவின் தலைநகரான தருமபுரி அதனால் ரயிலுக்கு வெளியே நின்றுபோனது. அதற்கு மிக அருகில் இருந்த நிலையங்களில் ஒன்று மொரப்பூர். இன்று இந்தப் பகுதியில் சைக்கிளில் வட்டமடிக்க நினைப்பவருக்கு வாய்க்கும் சாலைகளில் பலவற்றுக்கு அந்த விலகலே பின்னணி.

1876–78ஆம் ஆண்டுகளின் பெரும் பஞ்சத்தில் சேலம் மாவட்டம் கடுமையாக அடிபட்டது. தருமபுரியும் அன்று அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. தானியம் எங்கோ இருந்தும், பசித்த ஊருக்கு அதைக் கொண்டுசேர்க்க வழியில்லை என்பதைப் பஞ்சம் காட்டியது. 1880ஆம் ஆண்டின் பஞ்ச விசாரணைக் குழு அப்படிப்பட்ட வறண்ட பகுதிகளுக்குப் பாதுகாப்பு ரயில் பாதைகள் தேவை என்றது. மொரப்பூர்–தருமபுரி குறுகிய பாதை அந்த எண்ணத்தின் பிள்ளை. தண்டவாளங்களின் இடைவெளி 2 அடி 6 அங்குலம், நீளம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். 1906 ஜனவரியில் வண்டி ஓடத் தொடங்கியது. 1913இல் பாதை ஓசூர் வரை நீண்டது. லாபம் வராத பாதை என்பது கட்டியவர்களுக்கே தெரியும். பஞ்சத்துக்கான காப்பீடு என்று நினைத்தே பணம் போட்டார்கள். இரண்டாம் உலகப் போரின் நடுவே, 1941இல் அதை மூடிவிட்டார்கள். திருப்பத்தூர்–கிருஷ்ணகிரி குறுகிய பாதைக்கும் அதே ஆண்டில் அதே முடிவு.

ரயில் போனபின் பாரம் சாலைக்கு மாறியது. மாட்டுவண்டி, லாரி, பஸ் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. சாலையோரத்துப் புளிய மரங்கள் வண்டிக்காரருக்கு நிழலும், ஊராருக்கு ஏலம் எடுத்த புளியும் தந்தன. அகலப்படுத்தும் வேலைகளில் அவற்றில் பல போய்விட்டன. சைக்கிள்காரருக்கு இது சின்ன இழப்பல்ல. சித்திரை வெயிலில் இந்தப் பக்கம் மிதித்தவருக்குத் தெரியும்.

மொரப்பூருக்கு அருகிலுள்ள அரூருக்குக் கிழக்கே போகும் சாலையின் வயது வேறு. அது பக்தர்கள் நடந்து உண்டாக்கிய தடம். தென்பெண்ணைக் கரையில் இருக்கும் அனுமன்தீர்த்தமும், குன்றின் மேல் தீர்த்தகிரீசுவரர் கோயில் கொண்ட தீர்த்தமலையும் ஒரே தலபுராணக் கதையால் இணைந்தவை. இராமன் பூசைக்கு அனுமன் கொண்டுவந்த நீர் நேரத்துக்கு வரவில்லை. இராமன் அம்பெய்து மலையில் ஊற்றை வரவழைத்தான். பின்னால் வந்த நீர் விழுந்த இடம் அனுமன்தீர்த்தம். அங்கே நீராடிவிட்டு மலைக்கு வருவதே மரபு. நடந்துபோகிறவர் தேர்ந்த வழி என்பதால் மலையடி வரை பெரிய ஏற்றம் எதுவும் குறுக்கிடாது.

சித்தேரிக்குப் போகும் பாதை இதற்கு நேர் எதிர். மலையாளி பழங்குடியினர் வாழும் அந்த மலைக்கு நல்ல சாலை பிந்தியே வந்தது. அதற்கு முன் காட்டுக்குள் போன தடங்களில் மரமும் சந்தனக் கட்டையும்தான் இறங்கின. மலையடிவாரத்து வாச்சாத்தியில் 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டைத் தேடுதல் என்ற பெயரில் நடந்த கொடுமைக்காக, வனம், காவல், வருவாய்த் துறைகளைச் சேர்ந்த 215 பேரைக் குற்றவாளிகள் என 2011இல் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சென்னை உயர்நீதிமன்றமும் 2023இல் அதை உறுதிசெய்தது. மலைக்காட்சிக்காக வருகிறவர் கடந்துபோகும் ஊர்களில் வாச்சாத்தியும் ஒன்று.

இந்தச் சாலைகளில் சைக்கிள் முதலில் உலவியது பாலுக்கும் கடிதத்துக்கும் சந்தைக்கும்தான். கனமான, கியர் இல்லாத வண்டி. ஏற்றம் வந்தால் இறங்கித் தள்ளுவது வழக்கம். 1949இல் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸ் அம்பத்தூரில் செய்த ஹெர்குலிஸ், மணிக்கணக்கு வாடகைக் கடைகள் வழியே சொந்த வண்டி வாங்க முடியாதவருக்கும் எட்டியது. 2001–02 முதல் அரசின் விலையில்லாச் சைக்கிள் திட்டம் மேல்நிலைப் பள்ளி மாணவியரில் ஒரு பகுதியினரோடு தொடங்கி, பிறகு விரிந்தது. கிராமத்திலிருந்து அரூர் வரை படிக்க வந்த பெண் பிள்ளைகளுக்கு அது பஸ்ஸைவிட நம்பகமான வண்டி.

மிதமான வட்டம் போடுகிறவர் முதலில் பார்க்க வேண்டியது சரிவு. ஆளும் வண்டியுமாக 80 கிலோ என்றால், 5 சதவீத ஏற்றத்தில் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் ஏற, எடையைத் தூக்கவே சுமார் 110 வாட் வேண்டும். பழகிய கால்களுக்கு அது முடியும். 10 சதவீதமானால் தேவை இரட்டிப்பாகும். அதனால் வத்தல்மலையின் கொண்டை ஊசி வளைவுகளையும் சித்தேரி ஏற்றத்தையும் தனி நாளுக்கு வைத்துக்கொள்வதே நல்லது. மொரப்பூர், தருமபுரி, இருமத்தூர், கம்பைநல்லூர், மீண்டும் மொரப்பூர் என்ற வட்டம் ஒரு காலைப்பொழுதுக்குப் போதும். முதலில் மேட்டுக்கு ஏறிவிட்டால் பிறகு பெண்ணை ஆறு வரை பெரும்பாலும் இறக்கம். எதிர்த் திசையில் போனால் வெயில் ஏறும் நேரத்தில் ஏற்றம் வரும். கோயில் வழியை விரும்புகிறவருக்கு அரூர், தீர்த்தமலை, அனுமன்தீர்த்தம் என்ற சிறு சுற்று உண்டு. கார்த்திகை மழை ஓய்ந்ததிலிருந்து மாசி வரை நல்ல காலம்.

மொரப்பூருக்கும் தருமபுரிக்கும் இடையே மீண்டும் ரயில் விட 36 கிலோமீட்டர் அகலப் பாதைக்கு 2016–17இல் ஒப்புதல் கிடைத்தது. நிலம் எடுப்பதிலேயே ஆண்டுகள் கழிந்தன. வெளியூர்க்காரர் சைக்கிளை ரயிலில் கொண்டுவர நினைத்தால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வண்டி சிறிது நேரமே நிற்கும் நிலையங்களுக்குப் பொதுவாகப் பார்சல் ஏற்பதில்லை. சேலத்தில் இறக்கிக்கொண்டு வருவதே நடைமுறையில் எளிது.