பெயர் எழுதாத படங்கள்

நம் குடும்பங்கள் பலவற்றில் ஒரு பழைய தகரப்பெட்டி உண்டு. கப்பலேறி வந்த பாட்டன் கையோடு கொண்டுவந்த பெட்டி என்று சொல்வார்கள். அதைத் திறந்தால் மேலே ஒரு கல்யாணச் சேலை இருக்கும். அதன் கீழே பிறப்புப் பத்திரம், சங்கத்துச் சந்தா அட்டை, கோயில் திருவிழா நோட்டீசு. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு காகித உறையில் நாலைந்து புகைப்படங்கள். ஓரம் மடங்கி, நிறம் பழுத்து, சில இடங்களில் பூச்சி அரித்திருக்கும். இன்று நாம் பேசப்போவது அந்தப் படங்களைப் பற்றித்தான்.

படம் என்றால் சுவரில் மாட்டி அழகு பார்ப்பதற்கு என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். வரலாறு எழுதுகிறவர்களுக்கோ அது ஒரு சான்று. கல்வெட்டைப் போல, செப்பேட்டைப் போல. நம் முன்னோரில் பெரும்பாலோர் எழுதப் படிக்க வாய்ப்பில்லாமல் வாழ்ந்தவர்கள். அவர்கள் நாட்குறிப்பு எழுதவில்லை. கடிதங்கள் எழுதியிருந்தாலும் அவற்றில் பல நிலைக்கவில்லை. ஆகவே அவர்கள் எப்படி உடுத்தினார்கள், எதைத் தூக்கி நடந்தார்கள், எப்படிப்பட்ட வீட்டில் குடியிருந்தார்கள் என்பதையெல்லாம் அறிய இந்தப் பழைய படங்கள் பெருந்துணையாக இருக்கின்றன. ஆனால் எழுத்தைப் படிக்கக் கற்பதுபோல் படத்தைப் படிக்கவும் கற்றுக்கொள்ள வேண்டும்.

முதலில், இந்தப் படங்கள் எப்போது தோன்றின என்று பார்ப்போம். பிரேசில் நாட்டு ரப்பர் விதைகள் 1876ஆம் ஆண்டில் இலண்டனுக்குக் கொண்டுபோகப்பட்டன. அவற்றிலிருந்து முளைத்த கன்றுகளில் 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அவற்றுள் சில பேராக்கில் கோலகங்சாருக்குச் சென்றன. சிங்கப்பூர்ப் பூமலையின் இயக்குநராக இருந்த ரிட்லி, மரம் சாகாமல் பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் முறையை 1890களில் வகுத்துக் காட்டினார். பின்னர் மோட்டார் வண்டிகள் பெருகின; சக்கரங்களுக்கு ரப்பர் தேவைப்பட்டது; ரப்பர் விலை ஏறியது. காடுகள் அழிந்து தோட்டங்கள் எழுந்தன. அந்த வேலைக்காகத்தான் நம் மக்கள் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறினார்கள்.

அதே காலத்தில்தான் புகைப்படத் தொழிலும் இந்த வட்டாரத்தில் வேரூன்றியது. சிங்கப்பூரில் லாம்பர்ட் என்பவர் 1867இல் தொடங்கிய படக்கூடம் பல்லாண்டுகள் புகழோடு விளங்கியது. சுமத்திராவில் மேடான் நகரில் தொழில் நடத்திய கிளைன்குரோத்தே என்பவர் மலாயா முழுவதும் சுற்றி, சுரங்கங்களையும் தோட்டங்களையும் இரயில் பாதைகளையும் படமெடுத்து 1907ஆம் ஆண்டு வாக்கில் தொகுப்பாக வெளியிட்டார். 1908இல் ரைட், கார்ட்ரைட் என்ற இருவரும் பதிப்பித்து இலண்டனில் வெளிவந்த பெருநூல் ஒன்றிலும் பிரிட்டிஷ் மலாயாவின் தோட்டப் படங்கள் ஏராளமாக இடம்பெற்றன.

இந்தப் படங்களைப் பார்க்கும்போது நாம் கேட்கவேண்டிய முதல் கேள்வி, இவை யாருக்காக எடுக்கப்பட்டன என்பது. நமக்காக அல்ல. தோட்டத்தில் பணம் போட்டவர்களும் போட எண்ணியவர்களும் பார்ப்பதற்காக எடுக்கப்பட்டவை பல. ஆகையால் மரங்கள் வரிசையாக நிற்கும். ஸ்டோர் துப்புரவாக இருக்கும். லயத்தின் முற்றம் கூட்டிப் பெருக்கியிருக்கும். காய்ச்சலில் சுருண்டு கிடந்தவரை யாரும் படமெடுத்து விளம்பரம் செய்யமாட்டார்கள் அல்லவா? ஆனால் அந்நாளில் புதுக் காடு வெட்டிய தோட்டங்களில் மலேரியா மக்களை வாரிக்கொண்டு போனது. டாக்டர் மால்கம் வாட்சன் 1901 முதல் கிள்ளானில் சதுப்பு நிலங்களை வடியச் செய்து அந்த நோயோடு போராடினார். இதை அறிந்தவர் ஒரு பழைய படத்தைப் பார்த்தால், லயத்து வீடுகளை மட்டும் பார்க்கமாட்டார். அவற்றின் பின்னால் தண்ணீர் தேங்கிய பள்ளம் தெரிகிறதா என்றும் தேடுவார்.

இரண்டாவது கேள்வி, படத்தில் இருப்பது உண்மையான வேலையா, வேலை செய்வதுபோன்ற நிலையா என்பது. பால்மரம் வெட்டியவர்களுக்கு இது உடனே விளங்கும். வெயில் ஏறுமுன், மரத்தில் குளிர்ச்சி இருக்கும்போதுதான் பால் நன்றாக இறங்கும். இருட்டோடு எழுந்து, பெரட்டுக்குப் போய், விடியும்போது நிரையில் நிற்கவேண்டும். அந்நாளையப் புகைப்படக் கருவிக்கோ நல்ல வெளிச்சம் வேண்டும். முக்காலியில் நிறுத்திய பெரிய பெட்டி; உள்ளே கண்ணாடித் தகடு; ஆடாமல் அசையாமல் நிற்கவேண்டும். ஆகவே பளிச்சென்ற வெளிச்சத்தில் உளியை மரத்தில் வைத்தபடி ஒரு பெண் நிற்கும் படத்தைக் கண்டால், அவள் பெரும்பாலும் படத்துக்காக நிறுத்தப்பட்டவள் என்று நாம் கொள்ளலாம். அதற்குள் அவளுடைய அன்றைய வெட்டு முடிந்திருக்கும். படத்தில் அவள் முகத்தில் தெரிவது சோம்பல் அன்று. விடியற்காலை முதல் உழைத்த களைப்பு.

மூன்றாவதாக, படத்திலுள்ள பொருள்களைப் பாருங்கள். படத்தின் வயதை அவை சொல்லிவிடும். மரத்தின் பட்டையில் மீன்முள்ளைப்போல் பல வெட்டுகள் இருபுறமும் இறங்கினால் அது தொடக்க காலத்துப் படம் என்று கருதலாம். மரத்தைப் பாதி சுற்றி ஒரே சாய்வெட்டு மட்டும் இருந்தால் அது பிற்காலத்துப் படம். தோளில் காண்டாக் கம்பு, இருபுறமும் வாளி, மரத்தடியில் மங்கு என்று ஒவ்வொன்றும் நமக்குச் செய்தி சொல்லும். சிலேட்டுகளோடு பிள்ளைகள் அமர்ந்திருக்கும் தோட்டப் பள்ளிப் படத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் தோட்டம் பள்ளிக்கூடம் நடத்தவேண்டும் என்று 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் கூறியது. மாட்டுக்கொட்டகை போன்ற இடத்தில், ஒரே ஆசிரியரோடு நடந்த வகுப்பானாலும், நம் பிள்ளைகள் தமிழ் எழுத்தைக் கண்டது அங்கேதான்.

இனி, தோட்டத்து மக்கள் எல்லாரும் சேர்ந்து நிற்கும் கூட்டுப் படத்துக்கு வருவோம். நடுவில் நாற்காலியில் துரை. அவருக்கு இருபுறமும் கிராணிமார். ஓரத்தில் கோட்டும் தலைப்பாகையும் அணிந்த கங்காணி. பின்னால் நிற்பவர்களும் முன்னால் தரையில் உட்கார்ந்திருப்பவர்களும் நம் மக்கள். யாரும் சொல்லித் தராமலே தோட்டத்தின் ஏணிப்படி முழுவதும் அந்த ஒரு படத்தில் தெரிந்துவிடுகிறது. சம்பளத்திலும் இதே ஏணிதான். 1920களின் பிற்பகுதியில் வகுக்கப்பட்ட கூலி, முக்கியத் தோட்டப் பகுதிகளில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. படத்தில் அருகருகே நிற்கிறார்கள். கணக்குப் புத்தகத்தில் 10 காசு இடைவெளி. அந்தப் பத்துக் காசு எந்தப் படத்திலும் தெரியாது. அதை நாம்தான் அறிந்துகொண்டு பார்க்கவேண்டும்.

1941இல் கிள்ளான் வட்டாரத்தில் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்கள் கேட்டது கூலி உயர்வு மட்டுமன்று. துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கவேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்கவேண்டும் என்றும் கேட்டார்கள். துப்பாக்கி வெடித்தது, உயிர்கள் போயின. பழைய படத்தில் ஓர் இளைஞர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு பெருமையோடு நிற்பதைப் பார்க்கிறோம். அது வெறும் அலங்காரமா? அவருக்கு அந்தச் சைக்கிள் எவ்வளவு பெரிய பொருள் என்பதை இந்த நிகழ்ச்சியோடு சேர்த்து எண்ணினால்தான் புரியும்.

நேயர்களே, இந்தப் பழைய படங்களில் பெரியதொரு குறை இருக்கிறது. நூல்களில் வந்த படங்களின் கீழே துரையின் பெயர் இருக்கும். தோட்டத்தின் பெயர் இருக்கும். எத்தனை ஏக்கர், எத்தனை ஆட்கள் என்ற கணக்கும் இருக்கும். நம் மக்களுக்கோ பெயர் இராது. 'தமிழ்க் கூலிகள்' என்ற ஒரே சொல்லில் அத்தனை பேரும் அடங்கிவிடுவார்கள். பெயரில்லாமல் போவது சிறிய செய்தி அன்று. சப்பானியர் ஆட்சியில் சயாம் மரண இரயில் பாதைக்குப் பல்லாயிரக்கணக்கான தோட்டத் தமிழர்கள் கொண்டுபோகப்பட்டார்கள். காஞ்சனபுரியில் நேசநாட்டுப் போர்வீரர்களின் கல்லறைகள் வரிசை வரிசையாக, பெயர் பொறித்து நிற்கின்றன. அங்கே மாண்ட நம் மக்களுக்கு அப்படிப் பெயர் பொறித்த கல் வரிசை இல்லை. எங்கோ ஒரு தோட்டத்தில் ஒரு தாய் தன் மகன் வருவான் என்று வாசலைப் பார்த்தபடியே இருந்தாள். அவனுடைய பெயர் அவளோடு போயிற்று.

நம் மக்களில் மிகப் பலருக்குத் தனியாக ஒரு படம் எடுக்கப்பட்டது எப்போது தெரியுமா? அவசரகாலச் சட்டம் வந்த 1948இல் 12 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரும் அடையாள அட்டை எடுக்கவேண்டும் என்று ஆணையிடப்பட்டது. படமும் பெருவிரல் ரேகையும் அதில் வேண்டும். அரசாங்கம் அதைச் செய்தது பாதுகாப்புக் காரணத்துக்காக. நம் பாட்டிமாரின் நினைவைக் காப்பதற்காக அன்று. ஆனாலும் அதில் ஒரு நன்மை விளைந்தது. அதுவரை கூட்டத்தில் ஒருத்தியாக நின்றவள், முதன்முறையாகத் தன் முகத்தோடு தன் பெயரும் சேர்ந்து எழுதப்பட்டதைக் கண்டாள். அந்தச் சின்னப் படத்தைப் பிற்காலத்தில் பெரிதாக்கி, சட்டம் போட்டு, மாலையிட்டு வைத்திருக்கும் வீடுகள் எத்தனையோ!

அதன் பிறகு பட்டணத்துப் படக்கடைக்குப் போய்க் குடும்பப் படம் எடுக்கும் வழக்கம் பரவியது. திரையில் வரைந்த மாளிகை, பக்கத்தில் பூச்சாடி, கணவன் கையில் கடிகாரம், மடியில் பிள்ளை. ஒரு படி ஊருக்குக் கடிதத்தோடு போகும். கடலுக்கு அப்பால் இருந்த தாய் தன் பேரனை அந்தக் காகிதத்தில்தான் கண்டாள். 1969ஐ ஒட்டி, குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டு வேண்டும் என்று வந்தபோது, பல குடும்பங்கள் இரண்டாகப் பிரிந்தன. கப்பலேறிப் போனவர்கள் விட்டுச் சென்றது சில இடங்களில் அந்தப் படம் ஒன்றுதான்.

இன்று அந்தத் தோட்டங்களே பல இல்லை. 1950களில் தொடங்கிய தோட்டத் துண்டாடல் பல குடும்பங்களை வெளியேற்றியது. பின்னர் பால்மரங்கள் சாய்ந்து செம்பனை வந்தது. பல இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்புப் பகுதிகளும் நெடுஞ்சாலைகளும் வந்துவிட்டன. லயம் இருந்த இடத்தை இப்போது யாரால் காட்டமுடியும்? படம்தான் காட்டவேண்டும்.

அண்மையில் ஒரு வீட்டில் நமக்கு ஒரு கூட்டுப் படத்தைக் காட்டினார்கள். ஏறத்தாழ நாற்பது பேர் இருந்தார்கள். திருப்பிப் பார்த்தோம், பின்புறம் வெறுமையாக இருந்தது. தொண்ணூறு வயதை நெருங்கிய பாட்டி ஒருவரிடம் கொடுத்தோம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு விரலால் தடவித் தடவிப் பார்த்தார். "இது எங்க பெரியத்தா. இந்தப் புள்ள ஆயாக்கொட்டாயில எங்கூட இருந்தது. இவரு காண்டா தூக்குறப்ப பாடிக்கிட்டே போவாரு," என்று பதினொரு பேரின் பெயரைச் சொன்னார். பிறகு படத்தை மடியில் வைத்துக்கொண்டு, "ஒரு அஞ்சு வருசத்துக்கு முன்னால கேட்டிருந்தா இன்னும் சொல்லியிருப்பேன் சாமி," என்றார். அந்தச் சொல் நம் நெஞ்சில் தைத்தது. மற்ற முகங்களுக்கு இனி யார் பெயர் சொல்வார்?

ஆகவே நேயர்களே, இந்த வாரமே ஒரு காரியம் செய்யுங்கள். தகரப்பெட்டியைத் திறந்து படங்களை எடுங்கள். வீட்டில் மூத்தவர் யாரோ அவரை நடுவில் உட்கார வைத்து, பிள்ளைகளைச் சுற்றி அமர்த்துங்கள். யார், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, என்ன வேலை என்று கேளுங்கள். சொன்னதையெல்லாம் மையில்லாத மென்மையான பென்சிலால் படத்தின் பின்புறம் ஓரமாக, அழுத்தாமல் எழுதுங்கள். பேனா மை முன்பக்கம் ஊறிவிடும். கிழிந்த படத்தில் ஒட்டும் நாடாவை ஒட்டாதீர்கள். நாளடைவில் அது படத்தையே தின்றுவிடும். ஈரமும் கரையானும் அணுகாத இடத்தில் வையுங்கள். இன்று கைப்பேசியிலேயே படி எடுத்து உறவினர்களுக்கு அனுப்பலாம். ஆனால் படத்தை மட்டும் அனுப்பாமல் பெயர்களையும் சேர்த்து அனுப்புங்கள்.

அன்று படமெடுத்தவர் நம் முன்னோரின் பெயரைக் கேட்கவில்லை. அது அவர் செய்த பிழை. பெயர் தெரிந்தவர் நம் வீட்டிலேயே இருக்கும்போது நாமும் கேட்காமல் விட்டால், அது யாருடைய பிழை? எண்ணிப் பார்ப்போம். பாட்டி இன்னும் திண்ணையில்தான் இருக்கிறார்.