கொல்லியும் நாமக்கல்லும்

ஒரு நாட்டின் சரித்திரம் தலைநகரங்களிலேதான் இருக்கிறது என்று எண்ணுவோர் பலர். மதுரை, தஞ்சை, காஞ்சி ஆகியவற்றைச் சொல்லிவிட்டால் தமிழகத்தின் கதை முடிந்துவிடும் என்பது அவர்கள் கருத்து. மாணவ நண்பர்களே, சேலம், நாமக்கல் பக்கத்துப் புன்செய் நிலங்களுக்கும் ஒரு சரித்திரம் உண்டு. அதற்குப் பாட்டு, கல்வெட்டு, நிலக்கணக்கு என்னும் மூன்று சான்றுகளை இங்கே கூற விரும்புகிறேன்.

கொல்லிமலையை ஆண்டவன் வல்வில் ஓரி. கடையெழு வள்ளல்களுள் ஒருவன். அவன் எய்த ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் ஊடுருவிச் சென்றதாக வன்பரணர் புறநானூற்றிலே பாடினார். முள்ளூர் மன்னன் காரி அவனைக் கொன்று, கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்தான் என்று அகநானூறு கூறுகிறது. மலை கைமாறியது, ஆனால் வென்றவனைவிட வீழ்ந்தவன் பெயரையே இன்றும் அந்த மலை தாங்கி நிற்கிறது. ஆண்டுதோறும் அங்கே வல்வில் ஓரி விழா நடைபெறுகிறது.

இனி, நாமக்கல்லுக்கு வருவோம். ஊரின் நடுவே ஒரே பாறையாக எழுந்து நிற்கும் குன்றின் இருபுறத்திலும் இரண்டு குடைவரைக் கோயில்கள் உள்ளன. ஒன்றிலே அரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கிறார். மற்றொன்றிலே நரசிம்மர் வீற்றிருக்கிறார். இவை எட்டாம் நூற்றாண்டை ஒட்டியவை என்பர் அறிஞர். இங்குள்ள கல்வெட்டு, அதியர் குலத்துக் குணசீலன் என்னும் மன்னனைக் குறிப்பிடுகிறது. ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்த தகடூர் அதியமானின் குலப்பெயர் பல நூற்றாண்டுகள் கழித்தும் மறையவில்லை என்பதை அந்தக் கல் நமக்கு உணர்த்துகிறது.

மூன்றாவது சான்று அண்மைக் காலத்தது. 1792-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் பாரமகாலையும் சேலம் பகுதியையும் கும்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். அதன் நிர்வாகத்தை ஏற்ற அலெக்ஸாண்டர் ரீடு என்பவரின் உதவியாளருள் ஒருவர் தாமஸ் மன்றோ. ஸ்காட்லாந்து நாட்டின் கிளாஸ்கோ நகரிலே 1761-இல் பிறந்தவர். வயல்களை அளந்து, இடைத்தரகரின்றி உழவனிடமே வரி வாங்கும் ரயத்துவாரி முறை இப்பகுதியிலேதான் உருப்பெற்றது. பின்னர்ச் சென்னை மாகாணத்தின் பெரும்பகுதிக்கும் பரவியது. ஜமீன்தார் இல்லாமற்போனது நன்மையே. ஆயினும் வரிச்சுமை கடுமையாக இருந்தது. மழை பொய்த்தால் உழவன் கடன்காரனிடமே சென்றான். பிற்காலத்தில் வேறு மாவட்டங்களை ஆண்ட அனுபவத்தால், வரியில் நாலில் ஒரு பங்கைக் குறைக்கவேண்டுமென்று மன்றோவே 1807-இல் பரிந்துரைத்தார்.

பாட்டு ஏட்டிலே நின்றது. கல்வெட்டு பாறையிலே நின்றது. கணக்கு அலுவலகத்திலே நின்றது. ஆனால் எழுதி வைக்கப்படாத செல்வங்களும் உண்டு. கொல்லிமலையின் சாமை, தினை, கேழ்வரகு நிலங்களிற் பல, சேலத்துச் சவ்வரிசி ஆலைகளுக்கான மரவள்ளிக்கு இடமளித்துவிட்டன. மரவள்ளி காசு தருகிறது. உழவனை யாரும் குறைகூற முடியாது. ஆனால் விதைப்பாரின்றிப் போன விதையோடு, அதை விதைக்கும் பருவமும் அதைக் குற்றும் முறையும் மறைந்துபோகும். அவற்றை அறிந்த பாட்டன் பாட்டிமார் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர். விடுமுறையில் ஊருக்குச் செல்லும் நீங்கள் அவர்களைக் கேட்டு எழுதி வைப்பீர்களானால், அதுவே நான்காவது சான்றாகும்.