மஞ்சள் தண்ணீரும் மரணசாதனமும்

1707ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தின் பன்னிரண்டு முதலியார்கள் ஒரு கையெழுத்துப் பிரதியைப் பரிசீலித்து, எங்கள் வழக்கம் இதுதான் என்று ஒப்புதல் தந்தார்கள். ஆளுநர் சைமன்ஸின் உத்தரவுப்படி ஒல்லாந்தத் திசாவை கிளாஸ் ஐசக்ஸ் தொகுத்த தேசவழமை அது. முதுசொம், சீதனம், தேடிய தேட்டம் என்று யாழ்ப்பாணத்தார் இன்றும் பிரித்துப் பேசும் சொத்துக் கணக்கு அதில் பதிவாகியிருக்கிறது.

அதில் பிள்ளையில்லாதவர்கள் பற்றிய பகுதியை நின்று படிக்க வேண்டும். ஒரு தம்பதி இன்னொருவர் பிள்ளையை வளர்த்துத் தங்கள் சொத்துக்கு உரிமையாக்க விரும்பினால், முதலில் உடன்பிறந்தாரிடம் சம்மதம் கேட்க வேண்டும். அவர்கள் இல்லையென்றால் நெருங்கிய உறவினரிடம். சம்மதித்தவர்கள் மஞ்சள் தண்ணீரில் விரல் நனைப்பார்கள். சாட்சிகள் பார்த்திருக்கத் தம்பதி அதைக் குடிப்பார்கள். விரல் நனைக்காதவரின் உரிமை போய்விடாது.

வெறும் சடங்கல்ல இது. நோயில் கிடக்கும் பெரியவரைத் தனியே வசப்படுத்தி வளவை எழுதுவித்துக்கொள்ள இங்கே வழி கிடையாது. யாருடைய பங்கு குறைகிறதோ அவர் எதிரிலேயே இருக்கிறார். ஆனால் கடைசிவரை பராமரித்த அயலாருக்குக் கொடுக்க நினைத்தாலும் உறவினர் தடுக்கலாம். அந்தக் குறையையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆங்கிலேயர் 1806இல் தேசவழமைக்குச் சட்ட வலு கொடுத்தார்கள். ஆனால் 1844ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் நிலைமையை மாற்றியது. விரும்பியவருக்கு மரணசாதனம் எழுதலாம், பெற்ற பிள்ளையையே விலக்கலாம். 1840ஆம் ஆண்டின் சட்டப்படி ஒரு நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் போதும். நொத்தாரிசு இல்லையென்றால் ஐந்து சாட்சிகள். உடன்பிறந்தார் அறிய வேண்டியதே இல்லை. முற்றத்தில் நடந்த காரியம் அறைக்குள் போய்விட்டது.

வழக்குகளின் சிக்கல் இங்கேதான். மரணசாதனத்தைத் தயாரித்தவரே அதனால் பயனடைந்தால் நீதிமன்றம் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். அந்தச் சந்தேகத்தை நீக்குவது சாதனத்தை முன்வைப்பவரின் பொறுப்பு. 1838இல் பாரி எதிர் பட்லின் வழக்கில் லண்டன் பிரிவி கவுன்சில் வகுத்த இந்த விதியை இலங்கை நீதிமன்றங்களும் பின்பற்றின. அந்த வழக்கில் சாதனத்தை எழுதிய வழக்கறிஞருக்கே அதில் பங்கு இருந்தது, மகனுக்கு இல்லை. ஆயினும் சாதனம் செல்லுபடியானது. சந்தேகம் மட்டும் ஒரு சாதனத்தை ரத்துச் செய்யாது. தகாத செல்வாக்கு என்று குற்றஞ்சாட்டுபவரோ அதைத் தாமே நிரூபிக்க வேண்டும். அறைக்குள் இருந்தவர்களே எதிர்த்தரப்பாக நிற்கும்போது சாட்சிக்கு எங்கே போவது?

மரணசாதனம் எழுதாமல் நன்கொடையாகவே கொடுத்தவர், உயிரோடிருந்து ஏமாற்றத்தை உணர்ந்தாலும் பாதை எளிதல்ல. மீளப்பெற முடியாத நன்கொடை உறுதியை, பெற்றவரின் கொடிய நன்றிகேட்டைக் காட்டி ரத்துச் செய்ய, 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டப்படி அவர் நீதிமன்றம் ஏற வேண்டும்.

பிள்ளைகள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்க, பெற்றோர் ஊரில் தனித்திருக்கும் காலம் இது. காணி எழுதப் போகும் பெரியவர்களே, பயன்பெறப் போகிறவர் கூட்டிவரும் நொத்தாரிசை விட்டு, நீங்களே ஒருவரைத் தெரிந்தெடுங்கள். கையொப்பமிடுமுன் உறுதியை முழுவதும் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்கூட்டியே தகவல் சொல்லிவிடுங்கள்.