ஜூரிக்கு அழைக்கப்பட்டோர்

பெருவழக்குகளின் வரலாற்றில் மூவர் பெயர் நிலைபெற்றுவிடுகிறது. குற்றம் சாட்டப்பட்டவர், அவருக்காக வாதாடிய வழக்கறிஞர், தண்டனையை அறிவித்த நீதிபதி ஆகியோரே அம்மூவர். இவர்களுக்கு நடுவே இருந்து "குற்றவாளி" என்றோ "குற்றவாளி அல்லர்" என்றோ சொன்ன பொதுமக்கள், வெறும் எண்ணிக்கையாகவே எஞ்சியுள்ளனர். ஆறுக்கு மூன்று, எட்டுக்கு ஒன்று என்று நூல்கள் அவர்களைக் குறிக்கின்றன. வணிகமோ அலுவலோ பார்த்துக்கொண்டிருந்த ஒருவர், நீதிமன்றக் கட்டளை ஒன்று கையில் வந்ததனால் மட்டுமே மற்றொரு மனிதரின் வாழ்வையும் சாவையும் தீர்மானிக்க வேண்டிய நிலைக்கு உள்ளானார். அவர் என்ன எண்ணினார், அன்றிரவு எவ்வாறு உறங்கினார் என்பதைத் தமிழில் எழுதிவைத்தோர் மிகச் சிலரே.

பலர் கூடி நியாயம் உரைத்தல் தமிழருக்குப் புதிதன்று. வைப்பாற்றங்கரையில் அமைந்த சாத்தூரைச் சுற்றியுள்ள கரிசல் சிற்றூர்கள் எதிலும் மரத்தடிப் பஞ்சாயத்தின் நினைவு இன்றும் அழியவில்லை. திருவெண்ணெய்நல்லூர் அவையில் சுந்தரர்மீது தொடுக்கப்பட்ட வழக்கைப் பெரியபுராணம் விரித்துரைக்கிறது. ஓலையை வாங்கிக் கையெழுத்தை ஒப்புநோக்கி முடிவு கூறுவோர் அவ்வூர் அவையினரே. வேட்டையாடும்போது குறி தவறி மனிதரைக் கொன்றுவிட்டவருக்கு உயிர்த்தண்டனை வேண்டா எனத் தீர்த்து, கோயிலில் விளக்கெரிக்க ஆடோ மாடோ அளிக்குமாறு நாட்டார் கூடி ஆணையிட்ட செய்திகளைச் சோழர்காலக் கல்வெட்டுகளில் காணலாம். உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் வகுக்கப்பட்ட குடவோலை விதிகள் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்வதற்கானவை. எனினும் அகவை வரம்பு, வரி செலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு, அண்மையில் பதவி வகித்தவரை விலக்குதல் என்று அவ்விதிகள் அடுக்கும் தகுதிகளைக் காணுங்கால், ஆயிரம் ஆண்டுகளுக்குப்பின் வெள்ளையர் ஆட்சியில் எழுந்த அதே வினா முன்நிற்கிறது. யாரை அழைப்பது? யாரை விடுப்பது?

ஆங்கிலேயர் கொணர்ந்த ஜூரி முறை தமிழ் மண்ணில் முதன்முதலாகத் தன் முகத்தைக் காட்டியது 1665இல். சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில் ஆளுநர் ஃபாக்ஸ்கிராஃப்ட் முன்னிலையில், தன் அடிமைப் பெண்ணைக் கொன்றதாக அசென்ஷியா டாஸ் என்னும் சீமாட்டி விசாரிக்கப்பட்டார். அவ்வழக்கிற்கெனவே ஜூரி கூட்டப்பட்டது. ஜூரியார் கூறிய தீர்ப்பு எவரும் எதிர்பாராதது. சீமாட்டி விடுதலை பெற்றார். மாண்ட பெண்ணின் இனத்தவரோ நிலையினரோ அந்த ஜூரியில் அமர்ந்திருக்க வழியில்லை. முதல் ஜூரியே இவ்வாறு அமைந்தது.

இம்முறையில் உள்நாட்டு மக்களுக்கும் இடம் தந்ததில் இலங்கை இந்தியாவை முந்தியது. அங்கே தலைமை நீதிபதியாக இருந்த அலெக்சாண்டர் ஜான்ஸ்டன் தம் இளமையை மதுரையில் கழித்துத் தமிழ் கற்றவர். அவருடைய முயற்சியால் 1811இல் இலங்கை மக்களுக்கு ஜூரியாக அமரும் உரிமை கிட்டியது. பதின்மூவர் கொண்ட ஜூரி அது. 1816இல், ஜூரர் பட்டியலில் இடம்பெற்றிருந்த அடிமை உடைமையாளர் பலர், அவ்வாண்டு ஆகஸ்ட் 12ஆம் நாளுக்குப்பின் தம் அடிமைகளுக்குப் பிறக்கும் குழந்தைகள் உரிமை மக்களே என ஒப்புக்கொண்டனர். பிறர்மீது தீர்ப்புச் சொல்லும் பொறுப்பே அவர்களை அம்முடிவுக்குக் கொணர்ந்தது என்பது ஜான்ஸ்டனின் கருத்து. அதில் ஓரளவு தற்பெருமையும் கலந்திருக்கலாம்; இலங்கையில் அடிமை முறை சட்டத்தால் முற்றும் ஒழிய 1844 வரை காத்திருக்க நேர்ந்தது. ஆயினும் அடிமைப் பெண்ணின் கொலையாளியை விடுவித்த சென்னை ஜூரியை அடுத்துக் கொழும்பின் இச்செய்தியைப் படிப்போர், ஒரே முறை இருவேறு மனிதரிடத்தில் இருவேறு உருக்கொள்வதைக் காண்பர். சென்னை, கல்கத்தா, பம்பாய் நகரங்களில் இந்தியர் ஜூரியில் அமர 1826ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. அதுவும் கிறித்தவரை விசாரிக்கும் ஜூரியில் கிறித்தவரே அமரலாம் என்னும் தடையோடு வந்தது. அத்தடை 1832இல் நீங்கியது.

இனி, சாத்தூர்க்காரர் நிலை. 1910இல் இராமநாதபுரம் மாவட்டம் உருவாகும்வரை சாத்தூர் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1876இல் இருப்புப்பாதை வந்தபின் மணியாச்சி வழியே நெல்லைக்குச் செல்வது எளிதாயிற்று. 1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி, இருபத்தொன்று முதல் அறுபது வயதுவரையுள்ள ஆண்கள் ஜூரராகவோ அசெசராகவோ அழைக்கப்படலாம். பெண்களுக்கு அச்சட்டம் இடம் தரவில்லை. கொலையுண்டவள் பெண்ணாயினும், கூண்டில் நிற்பவள் பெண்ணாயினும், அவளைப் பற்றி முடிவு கூறுவோர் ஆடவரே. பட்டியலைச் செஷன்ஸ் நீதிபதியும் கலெக்டரும் தயாரித்தனர். தகுதியுடையவர் யார் என்பது அவ்விருவரின் கருத்தைப் பொறுத்தது. பெயர், இருப்பிடம், தொழில் அல்லது அந்தஸ்து ஆகியவை குறிக்கப்பட்டன; ஒருவர் ஐரோப்பியராகவோ அமெரிக்கராகவோ இருந்தால் அதனையும் தவறாமல் குறிக்கவேண்டும் எனச் சட்டம் வற்புறுத்தியது. ஐரோப்பியர் ஒருவர் குற்றவாளிக் கூண்டில் நின்றால், தம் ஜூரியில் பாதிக்குக் குறையாமல் தம் இனத்தார் இருக்கவேண்டும் எனக் கேட்கும் உரிமை 1884இலேயே, இல்பர்ட் மசோதாக் கிளர்ச்சியின் விளைவாக, அவருக்கு வழங்கப்பட்டிருந்தது. கரிசல் காட்டில் பருத்தி விதைத்தவனுக்கு அத்தகைய உரிமை இருந்ததில்லை.

சென்னை, கல்கத்தா, பம்பாய் ஆகிய தலைநகரங்களுக்கு வெளியே, அரசு அறிவித்த மாவட்டங்களில், அறிவித்த குற்றங்களுக்கு மட்டுமே ஜூரி உண்டு. ஏனைய செஷன்ஸ் வழக்குகள் அசெசர்களின் துணையோடு நடைபெற்றன. ஜூரரின் கடமையைவிட அசெசரின் கடமை துன்பம் மிக்கது என்பதை ஈண்டு விரித்துரைத்தல் தகும். ஜூரர் ஒன்பதின்மரும் தனியறைக்குச் சென்று கதவடைத்துக் கலந்து பேசலாம். தலைவர் ஒருவர் வெளியே வந்து அனைவர்க்குமாகப் பேசுவார். எவர் எப்பக்கம் நின்றார் என்பது அறைக்குள்ளேயே அடங்கிவிடும். அசெசருக்கு அந்த மறைவு கிடையாது. வழக்கு முடிந்ததும் ஒவ்வொருவரும் திறந்த மன்றத்தில் தம் கருத்தைத் தனித்தனியே வாயால் சொல்லவேண்டும். நீதிபதி அதைப் பதிவு செய்வார். கூண்டில் நிற்பவனும் அவன் சுற்றத்தாரும் அதைக் கேட்டுக்கொண்டிருப்பர். ஊர் திரும்பும் அசெசர் அதே சந்தையில், அதே கடைத்தெருவில் அவர்களை எதிர்கொள்ள வேண்டும். இத்தனைக்கும் அவர் சொன்ன கருத்து நீதிபதியைக் கட்டுப்படுத்தாது. அசெசர் அனைவரும் "குற்றமற்றவர்" எனினும் நீதிபதி தண்டிக்கலாம். பகையை மட்டும் சம்பாதித்துக்கொடுத்து அதிகாரத்தை வழங்காத பதவி அது. 1955இல் நாடாளுமன்றம் அசெசர் முறையை நீக்கியபோது அதற்காக வருந்தியோர் அதிகம் இருந்திருக்க முடியாது.

அரசு சில வேளைகளில் இந்த மக்களையே அஞ்சியது. 1911 ஜூன் 17ஆம் நாள் மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷ் சுடப்பட்டார். கொடைக்கானலுக்குப் புறப்பட்டிருந்த அவர் அன்று உயிருடன் இருந்திருப்பின், கோவில்பட்டியையும் சாத்தூரையும் கடந்தே சென்றிருப்பார். வாஞ்சிநாதன் தன்னைத் தானே சுட்டுக்கொண்டு மாண்டமையால் நீலகண்ட பிரம்மச்சாரி முதலிய பதினால்வர்மீது வழக்கு நடைபெற்றது. சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கமாக ஒன்பதின்மர் ஜூரி அமரும். இவ்வழக்கிலோ, 1908ஆம் ஆண்டுச் சிறப்புச் சட்டத்தின் துணையால் ஜூரி விலக்கப்பட்டு, தலைமை நீதிபதி ஆர்னால்டு ஒயிட், ஐலிங், சங்கரன் நாயர் ஆகிய மூவர் அமர்வு விசாரித்து 1912இல் தீர்ப்பளித்தது. நெல்லைச் சீமையின் உணர்ச்சியைத் தொட்ட இத்தகைய வழக்கில் பொதுமக்களுள் ஒன்பதின்மரைக் கேட்க ஆட்சியாளர் விரும்பவில்லை என்பது கண்கூடு.

தமிழர் மனத்தில் ஜூரி என்னும் சொல்லை ஆழப் பதித்தது வேறொரு வழக்கு. 'இந்து நேசன்' இதழாசிரியர் லட்சுமிகாந்தன் 1944 நவம்பர் 8இல் சென்னை வேப்பேரிப் பகுதியில் கத்தியால் குத்தப்பட்டு, மறுநாள் மருத்துவமனையில் இறந்தார். எம்.கே. தியாகராஜ பாகவதர், என்.எஸ். கிருஷ்ணன், பட இயக்குநர் ஸ்ரீராமுலு நாயுடு உள்ளிட்டோர் கைதாயினர். அந்தத் தீபாவளிக்கு வெளியான 'ஹரிதாஸ்' அரங்குகளில் ஓடிக்கொண்டிருக்க, அதன் நாயகன் சிறையிலிருந்தார். நீதிபதி மாக்கெட் முன் ஒன்பதின்மர் ஜூரியோடு விசாரணை நடந்தது.

அந்த ஒன்பதின்மர் நிலையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பாகவதரின் பாட்டைக் கேளாத வீடு அன்று சென்னையில் அரிது. லட்சுமிகாந்தனின் இதழைப் பலர் வெளியே பழித்து உள்ளே படித்தனர். இவ்விரண்டையும் மறந்துவிட்டு, சாட்சிகள் மன்றத்தில் சொன்னதை மட்டும் கொண்டு முடிவு செய்ய வேண்டும் என அவர்களுக்குப் பணிக்கப்பட்டது. சட்டம் நீதிபதிக்கு, உண்மை ஜூரிக்கு என்பதே விதி. 1945 மே 3இல் ஸ்ரீராமுலு நாயுடு விடுதலையானார். பாகவதரும் கிருஷ்ணனும் குற்றவாளிகள் என அறுவரும், அல்லர் என மூவரும் கூறினர். உயர் நீதிமன்ற ஜூரியில் ஒருமித்த கருத்து இல்லையேல் குறைந்தது அறுவராவது ஒரு பக்கம் நிற்க வேண்டும். நீதிபதியும் அதற்கு உடன்பட வேண்டும். ஐவராகக் குறைந்திருந்தால் ஜூரியே கலைக்கப்பட்டிருக்கும். ஆகவே அறுவருள் எவரேனும் ஒருவர் மனம் மாறியிருப்பின் தமிழ்த் திரையுலகின் இருபெருங் கலைஞர்க்கு அன்று ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டிராது. மூவர் யாவர், அறுவர் யாவர் என்பதை அன்றைய இரசிகர் எவரும் அறிய வழியில்லை. அவர்களுக்கு அது ஒருவகையில் காப்பாகவும் அமைந்தது.

மேல்முறையீட்டை உயர் நீதிமன்றம் 1945இல் தள்ளியது. ஜூரியின் முடிவில் எளிதில் தலையிடலாகாது என்னும் பழைய ஆங்கில மரபு அங்கே மேலோங்கியது. இலண்டன் பிரிவி கவுன்சில் இதனை ஏற்கவில்லை. 1943இல் சேர்க்கப்பட்ட புதிய பிரிவு, உண்மைகளையும் மீண்டும் ஆராய உயர் நீதிமன்றத்திற்கு அதிகாரம் அளிக்கிறது. ஆதலின் வழக்கைத் திரும்பக் கேட்கவேண்டும் என்று அது பணித்தது. நீதிபதிகள் ஹாப்பெல், ஷஹாபுதீன் ஆகியோர் மீண்டும் கேட்டு, 1947 ஏப்ரலில் இருவரையும் விடுதலை செய்தனர். இரண்டாண்டுக்கும் மேற்பட்ட சிறைவாழ்வு பாகவதரின் திரைவாழ்வை முடித்துவைத்தது எனலாம். 1959இல் அவர் மறைந்தார். கிருஷ்ணன் மீண்டெழுந்து சிரிக்கவைத்தார், 1957இல் காலமானார். அறுவர் கருத்து பிழையென்று நீதிமன்றமே கூறிய பின்னர், அந்த அறுவர் தம் இல்லங்களில் என்ன பேசியிருப்பர்? அதனைச் சொல்லும் ஒரு தமிழ்க் கதை எழுதப்படத் தக்கது.

பாகவதர் மறைந்த அதே 1959இல் பம்பாயில் கடற்படை அதிகாரி நானாவதியின் வழக்கு நடந்தது. ஜூரியினர் எட்டுக்கு ஒன்று என அவரைக் குற்றமற்றவர் என்றனர். செஷன்ஸ் நீதிபதி அம்முடிவை ஏலாது உயர் நீதிமன்றத்திற்கு அனுப்ப, அங்கே ஆயுள் தண்டனை கிடைத்தது. 1961இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. இவ்வழக்கே இந்தியாவில் ஜூரி முறைக்கு முற்றுப்புள்ளி வைத்தது என்று பலரும் எழுதிவருகின்றனர். அது முழுவதும் பொருந்தாது. 1958ஆம் ஆண்டிலேயே சட்ட ஆணையம் தன் பதினான்காவது அறிக்கையில் ஜூரி முறையைக் கைவிடப் பரிந்துரைத்திருந்தது. 1974 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஜூரிக்கு இடமே இல்லை. சாத்தூரில் இன்று எழும் கொலை வழக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்றத்தில் நீதிபதி ஒருவரால் முடிவு செய்யப்படுகிறது. ஊரார் சாட்சிகளாக மட்டுமே அங்கே படியேறுகின்றனர்.

இலங்கையில் ஜூரி முழுவதும் மறையவில்லை. உயர் நீதிமன்றக் கொலை வழக்குகளில் ஜூரியை வேண்டும் வாய்ப்பு அங்கே எஞ்சியுள்ளது. 1996இல் திருகோணமலை மாவட்டத்துக் குமாரபுரத்தில் தமிழ்க் குடிமக்கள் இருபதின்மருக்கும் மேலானோர் கொல்லப்பட்ட வழக்கு இருபதாண்டு இழுத்து, அநுராதபுரத்தில் ஜூரி முன் வந்தது. 2016 ஜூலையில் இராணுவத்தினர் அறுவரும் விடுதலையாயினர். அதே ஆண்டு டிசம்பரில், 2006இல் சுட்டுக் கொல்லப்பட்ட தமிழ் நாடாளுமன்ற உறுப்பினர் நடராஜா ரவிராஜின் வழக்கில், கொழும்பில் சிங்களம் பேசும் ஜூரி, குற்றம் சாட்டப்பட்ட ஐவரையும் விடுவித்தது. ஜூரியை மொழிவாரியாகத் தேர்ந்துகொள்ளும் வழக்கம் ஒருகாலத்தில் அவரவர் மொழியில் நீதி கிடைக்கவே ஏற்பட்டது. அந்த மொழித்தேர்வு குற்றம் சாட்டப்பட்டவர்க்கு உரியது. மாண்டவரின் மொழியை எவரும் கேட்பதில்லை. 1665இன் அடிமைப் பெண்ணை இங்கே நினையாதிருத்தல் அரிது.

அவ்விலங்கையிலிருந்து புலம்பெயர்ந்து டொராண்டோவிலும் இலண்டனிலும் குடியுரிமை பெற்ற தமிழர் வீடுகளுக்கு ஜூரி அழைப்பு இன்று தபாலில் வந்து சேர்கிறது. ஆண் பெண் வேறுபாடு அங்கே இல்லை. கலெக்டரின் மதிப்பீடும் இல்லை. பெயர்ப்பட்டியலிலிருந்து குலுக்கலாகத் தேர்வு நடைபெறுகிறது. குடவோலையை அறிந்தோர்க்கு அது வியப்பளிக்காது. ஒன்டாரியோ மாநிலத்தில் ஜூரராக அமர்ந்தோர்க்கு நெடுங்காலம் முதல் பத்து நாள்களுக்கு ஊதியம் கிடைத்ததில்லை. பதினோராம் நாளிலிருந்து நாளொன்றுக்கு நாற்பது டாலர் தரப்பட்டது. நாட்கூலிக்கு உழைத்தோர்க்கு அது சிறு சுமையாக இருக்கவில்லை. நீதி கேட்டு நீதிமன்ற வாயிலையே அணுக முடியாத நாட்டிலிருந்து வந்தவர், வேறொரு நாட்டில் பன்னிருவருள் ஒருவராக அமர்ந்து தம் மொழியறியாத ஒருவரைப் பற்றி முடிவு சொல்கிறார். அந்த அனுபவத்தை அவர் எழுதுவாரா? அறைக்குள் நடந்த கலந்துரையாடலை வெளியிடுவது கனடாவிலும் இங்கிலாந்திலும் தண்டனைக்குரிய குற்றம். எவர் என்ன சொன்னார், எந்தக் கட்டத்தில் எவர் மனம் மாறிற்று என்பதை வழக்கு முடிந்த பின்னரும், தம் மனைவியிடமோ கணவரிடமோகூட அவர் சொல்லலாகாது.